தனித் தளம் யாருக்காக? பொட்டிப்புரம் மலையடியிலிருந்து சில சட்டக் கேள்விகள்

தேவாரத்துக்கு வடக்கே பொட்டிப்புரம் அருகில் நிற்கும் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க ஒன்றிய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 1,500 கோடி ரூபாய். மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம், அதன் கோடியில் 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டிய இரும்புக் கருவி. இத்திட்டத்துக்கென்றே ஓர் இணையத் தளமும் உருவாக்கப்பட்டது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் முகவரிக்குக் கீழே அது இயங்கியது. நியூட்ரினோ என்றால் என்ன, கோலார் தங்கவயலின் ஆழத்தில் 1965இல் அத்துகள் எவ்வாறு உணரப்பட்டது, எந்தெந்தக் கல்வி நிறுவனங்கள் இத்திட்டத்தில் பங்கேற்கின்றன என்பன போன்ற செய்திகளுக்கு அத்தளத்தில் குறைவில்லை. அறிவியலாளர்கள் ஊர்களுக்கே வந்து விளக்கக் கூட்டங்கள் நடத்தியதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் மலையடியில் வாழ்பவரின் கேள்வி வேறு. மலைக்கு ஆடு மாடு ஓட்டிப் போகும் பாதை இருக்குமா? கிணற்றுக்கு என்ன ஆகும்? ஆட்சேபம் இருந்தால் யாரிடம், எந்தத் தேதிக்குள், எந்த மொழியில் எழுதித் தரவேண்டும்? இவற்றுள் கடைசிக் கேள்விக்கு ஆய்வகத்தின் தளம் விடை சொல்ல இயலாது. ஏனெனில் விடை அவர்கள் கையில் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி டெல்லியில் அமைச்சகத்திடம். இசைவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். காட்டுயிர் அனுமதி தேசியக் காட்டுயிர் வாரியத்திடம். நிலம் வருவாய்த் துறையிடம். தகராறு தீர்ப்பாயத்திடம். ஒரே மலைக்கு ஐந்து வாசல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தாழ்ப்பாள்.

இந்த வாசல்களில் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். 2011இல் வழங்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை, 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நிறுத்திவைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் வருகிறது. எனவே விண்ணப்பம் உரிய வகையில் பரிசீலிக்கப்படவில்லை என்பது காரணங்களுள் ஒன்று. 2018 மார்ச்சில் அமைச்சகம் இதைத் தனிச்சிறப்புத் திட்டமாகக் கருதி, கட்டடக் கட்டுமானத் திட்டங்களுக்கான வகையின் கீழ் மீண்டும் அனுமதி வழங்கியது. அவ்வகைக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை. 2018 நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்ய மறுத்தது. ஆயினும் காட்டுயிர் வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கக் கூடாது என்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, புலிகள் நடமாடும் இணைப்புப் பகுதியில் இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று தெரிவித்தது. இத்தனை திருப்பங்களையும் தமிழில், தேதி வரிசையில், ஆவணங்களோடு ஒரே இடத்தில் படிக்கக்கூடிய அரசுப் பக்கம் ஒன்று இருந்திருந்தால், பொட்டிப்புரத்தில் வதந்திகளுக்கு இருந்த வேலை பாதியாகக் குறைந்திருக்கும். திட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் இதில் ஒருமனமாக இருக்கலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் நியூட்ரினோ அல்ல. அண்மையில் தேவாரத்தில் இளைஞர்கள் சிலர் ஒரு மனு எழுத எங்களை அழைத்தனர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நடைமுறைக்கென்று மாவட்ட நிர்வாகம் ஒரு தனி இணையத் தளம் தொடங்கவேண்டும் என்பது கோரிக்கை. கணினித் துறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் 'மைக்ரோசைட்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். தலைமைத் தளத்திலிருந்து பிரிந்து, ஒரே நோக்கத்துக்காக, தனிப் பெயரும் தனி முகப்பும் கொண்டு இயங்கும் குறுந்தளம். கோரிக்கை எளிமையாகத் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய மனு இரவு வரை நீண்டது. நமக்குத் தனித் தளம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.

தனி என்னும் சொல்

இந்தச் சொல்லை நம்மைப்போல் எடைபோட்டுப் பார்த்த மக்கள் குறைவு. தனிக் குவளை, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு. பெயர்ப்பலகையில்கூடத் தனி; 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க 2025 ஏப்ரல் ஆயிற்று. மறுபக்கம் தனித் தொகுதி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, நலத் துறை, துணைத் திட்ட நிதி ஆகியவையும் தனிதான். 1932இல் அம்பேத்கர் பெற்றுத் தந்த தனி வாக்குரிமை அதே ஆண்டு செப்டம்பரில் புனே ஒப்பந்தத்தில் கரைந்த கதையை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளிட்டவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது தேனி, மதுரைப் பகுதிகளில் எழுந்த விவாதமும் இதுவே. தனியாக இருந்தால் கவனிப்பாரில்லை. சேர்த்துவிட்டால் அடையாளமும் நிலமும் நிதியும் என்னாகும்?

அந்த விவாதங்களிலிருந்து நாம் கற்ற அளவுகோல் ஒன்று உண்டு. பிரித்தவர் யார், திறவுகோல் யார் கையில் என்று கேட்பது. ஒடுக்கப்பட்டவர் தம் பாதுகாப்புக்கும் பங்குக்கும் கேட்டுப் பெற்ற தனி வேறு. கண்ணில் படாமலிருக்க ஒதுக்கிவைக்கப்பட்ட தனி வேறு. இணையத் தளத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்பதே எங்கள் கருத்து. அலுவலகத்தின் முதன்மைத் தளத்தில் ஒரு வரிகூட இல்லாமல், வன்கொடுமை பற்றிய எல்லாவற்றையும் எங்கோ ஒரு குறுந்தளத்தில் குவித்து வைத்தால் அது இணையத்தில் கட்டப்பட்ட இன்னொரு சேரி. தற்செயலாகக்கூட எவரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

உலகம் முழுவதும் அரசுகள் இந்தக் கேள்வியைச் சந்தித்துள்ளன. பிரிட்டனில் துறைக்கொரு தளம், திட்டத்துக்கொரு தளம் என்று நூற்றுக்கணக்கில் பெருகியபின், மார்த்தா லேன் ஃபாக்ஸ் 2010இல் அளித்த பரிந்துரையின் பேரில் அவற்றை ஒன்றாக்கும் வேலை தொடங்கி, 2012 அக்டோபரில் ஒரே அரசுத் தளம் வந்தது. மக்களுக்குத் துறைகளின் எல்லைக்கோடு தெரியவேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படை. அதே நாட்டில் கிரென்ஃபெல் அடுக்கக தீவிபத்தை விசாரித்த ஆணையம் தனித் தளம் வைத்திருந்தது. அதற்கும் காரணம் உண்டு. 72 உயிர்கள் போன நிகழ்வில் அரசின் பங்கையும் விசாரிக்கும் அமைப்பு, அரசின் வீட்டுக்குள் ஒரு அறையாக இருப்பது பொருந்தாது. உயிர் பிழைத்தோரும் உறவினரும் சாட்சியங்களைத் தேடிப் படிக்க அரசின் வாசலைத் தட்டவேண்டியிராத ஓரிடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. வேங்கைவயலுக்கு ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் அதன் நடவடிக்கைகளை நேரடியாகப் படித்தறிந்தோம்? 2025 ஜனவரியில் அவ்வூர்த் தலித்துகள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை என்ற செய்தி வந்தபோது, மக்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தவை கைப்பேசியில் சுற்றிய ஒலித்துண்டுகளும் காணொளித் துண்டுகளும்தான்.

ஏலக்காய் விலையும் எடுப்புக் கூலியும்

போடிநாயக்கனூரில் எங்கள் நண்பர் ஒருவர் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுகிறார். தினமும் அவர் திறக்கும் அரசுப் பக்கம் ஒன்றே ஒன்று. நறுமணப் பொருள் வாரியம் வெளியிடும் ஏல விவரம். எந்த நாள், எந்த ஏல நிறுவனம், எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்று வரிசையாக இருக்கும். போடியிலும் மலைக்கு மேலே புத்தடியிலும் நடக்கும் மின் ஏலங்களின் முடிவு அது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1987இல், பழைய ஏலக்காய் வாரியத்தையும் உள்ளடக்கி அமைக்கப்பட்ட இந்த வாரியம் இதற்கென்று தனித் தளம் எதுவும் தொடங்கவில்லை. தன் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கம், ஓர் அட்டவணை. அலங்காரமில்லை, அமைச்சர் படமில்லை. அது பயன்படுவதற்குக் காரணம் இரண்டு. விவரம் அன்றாடம் மாறுகிறது; மாறியதை ஏற்றுவது ஒருவரின் அன்றாட வேலை. வியாபாரிக்கும் தோட்டக்காரருக்கும் வேண்டிய தகவல் என்றால் அரசுக்கு இது முடிகிறது என்பதற்கும் அதுவே சான்று.

அந்தக் காயை எடுத்தவளின் கூலிக்கு அப்படியொரு பக்கத்தை இம்மலையடியில் எவரும் திறந்து பார்த்து நாங்கள் கண்டதில்லை. தேவாரம், கோம்பை, போடி, கம்பம் பகுதிகளிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரில் பெரும் பகுதியினர் பெண்கள்; அவர்களில் கணிசமானோர் தலித்துகள். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்கு நேர்ச்சாலை வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுப் பழையது. சாலை இல்லாததால் அவர்கள் சுற்றிப் போகின்றனர். குறைந்தபட்சக் கூலியைக் கேரள அரசு நிர்ணயிக்கிறது. வீடு, குடும்ப அட்டை, வாக்கு, சாதிச் சான்று எல்லாம் தமிழ்நாட்டில். வழியில் ஜீப் கவிழ்ந்தால் எந்த மாநிலக் காவல் நிலையம், எந்த நல வாரியம், எந்த மாநிலத்து இழப்பீடு என்பதை அறிய இரண்டு மாநிலத் தளங்களிலும் இரண்டு மொழிகளிலும் தேடவேண்டும்.

மேலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கல். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தத் தகுதியை உரிமையாகக் கோரமுடியாது என்று மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல் கூறியது. 2018இல் பீர் சிங் வழக்கில் அது உறுதியாயிற்று. எனவே இடுக்கித் தமிழ்த் தலித்துகள் 1950க்கு முன்பே தம் முன்னோர் அங்கு குடியிருந்ததை மெய்ப்பிக்கவேண்டியுள்ளது. தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் அ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் செல்லாது என்றதும், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியதும் நாடறிந்தவை. சட்டமன்ற உறுப்பினருக்கே உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. கல்லூரியில் சேரப்போகும் பெண்ணுக்கு எந்த வட்டாட்சியரிடம் எந்த ஆவணத்தோடு போவது என்று சொல்ல யாருமில்லை.

இங்குதான், தனித் தளம் நியாயமாகிறது என்று நாங்கள் கருதுகிறோம். தேனி மாவட்டத் தளத்தில் ஒரு பக்கம் போட்டால் கேரளத்தின் பொறுப்பு அதில் வராது. இடுக்கியின் தளத்தில் போட்டால் கீழே உள்ளவர் பார்க்கப்போவதில்லை. பொறுப்பு இரண்டு அரசுகளுக்கும் பகிரப்பட்டிருக்கிறது. பயன்படுத்துவோர் ஒரே கூட்டம். அவர்களின் மொழி ஒன்று. நியூட்ரினோ திட்டத்துக்குத் தனித் தளம் பொருந்தியதும் இதே காரணத்தால். பல நிறுவனங்கள் கூடி நடத்தும் பணியை எந்த ஒரு நிறுவனத்தின் தளமும் முழுமையாகத் தாங்காது.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஆனால் அது கசப்பான முன்மாதிரி. 2020இல் கொரோனாக் கட்டுப்பாட்டின்போது தமிழ்நாட்டு இ-பாஸ் தளமும் கேரளத்தின் கோவிட்-19 ஜாக்ரதா தளமும் சில வாரங்களில் எழுந்தன. அவசரம் என்றால் அரசால் எவ்வளவு விரைவாகத் தளம் கட்டமுடியும் என்று கண்டோம். எல்லை கடக்க இரண்டிலும் பதியவேண்டும். கைப்பேசி இல்லாதவருக்குக் கங்காணியோ கம்ப்யூட்டர் கடைக்காரரோ பதிந்து கொடுத்தனர். யார் பதிந்து கொடுத்தாரோ அவரிடமே அந்தப் பெண்ணின் ஆதார் எண்ணும் வேலையும் சிக்கிக்கொண்டன. கடனுக்குப் பிடித்துவைத்த குடும்ப அட்டையைப் போல, கடவுச்சொல்லும் பிடிமானப் பொருளாயிற்று.

ஆகவே தளம் என்பது ஒருபோதும் தளம் மட்டுமன்று. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிர்வாழ்வு உரிமையின் பகுதி என்று கூறியது. அமிலவீச்சால் முகம் சிதைந்து, கண் சிமிட்டச் சொல்லும் அடையாளச் சரிபார்ப்பில் தேற முடியாத பெண்கள் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு கிராமப்புறத்தாரையும் விளிம்பில் உள்ளோரையும் சேர்த்தே பேசுகிறது. மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காத ஜீப்பில் போகிறவளும் அதில் அடங்குவாள்.

சட்டம் என்ன சொல்கிறது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. மனுப் போட்டு, பதில் வாங்கி, மேல்முறையீடு செய்யும் 6ஆம் பிரிவே எல்லோருக்கும் பழக்கம். ஆனால் 4(1)(பி), 17 தலைப்புகளில் தகவலைக் கேட்காமலே வெளியிடக் கட்டளையிடுகிறது. 4(1)(சி), மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அவை சார்ந்த எல்லா விவரங்களையும் வெளியிடச் சொல்கிறது. 4(4), வட்டார மொழியையும் அந்தப் பகுதியில் மிகப் பயனுள்ள தொடர்பு வழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அதன் விளக்கத்தில் இணையம் ஒரு வழி மட்டுமே. அறிவிப்புப் பலகை, நாளிதழ், பொது அறிவிப்பு, அலுவலகத்தில் நேரில் பார்வையிடல் ஆகியனவும் அதே வாக்கியத்தில் நிற்கின்றன. 2023 ஆகஸ்டில் கிஷன் சந்த் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்பிரிவின் நிறைவேற்றத்தைத் தகவல் ஆணையங்கள் தொடர்ந்து கண்காணிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. மொழி பற்றி டெல்லி உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியிருக்கிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியானபோது, விக்ராந்த் தோங்காட் வழக்கில் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்க்க அது ஆணையிட்டது.

இந்த விதிகளில் எங்கும் தனித் தளம் தொடங்கு என்று இல்லை. உரியவரைப் போய்ச் சேரும் வழியைத் தேர்ந்தெடு என்றுதான் இருக்கிறது. இளைஞர்களிடம் நாங்கள் வலியுறுத்தியது இதுவே.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 15ஏ பிரிவு, பிணை விசாரணை உட்பட ஒவ்வொரு நடவடிக்கை பற்றியும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் அறிவிப்புத் தரவேண்டும் என்கிறது. 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்றது. விதி 17இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும். நிவாரணத் தொகை ஒன்றிய விதிகளின் அட்டவணையில் 85,000 ரூபாய் முதல் 8.25 லட்சம் வரை; தமிழ்நாடு அதை 1 லட்சம் முதல் 12 லட்சம் வரை உயர்த்தியுள்ளது. பழைய அட்டவணையை யாரோ அச்சிட்ட துண்டறிக்கையை வைத்துக்கொண்டு, குறைந்த தொகைக்குக் கையெழுத்திட்டுவிட்டு எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது அழகான தளம் அன்று. திருத்தப்பட்ட ஓர் அட்டவணை, அதை வெளியிட்ட தேதி, பொறுப்பு அலுவலரின் பதவிப்பெயர், தொலைபேசி எண்.

மேலும், தேசிய அளவில் 2021 டிசம்பரில் வன்கொடுமைக்கு எதிரான உதவி மையம் 14566 என்ற இலவச எண்ணோடும் இணையத் தளத்தோடும் தொடங்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது மாவட்டத்துக்கொன்று தொடங்கினால், புகார் எங்கே பதிவாயிற்று என்பதே புதுத் தகராறாகும். இரண்டு காவல் நிலையங்களுக்கு நடுவே எல்லைத் தகராறில் அலைந்த அனுபவம் நமக்குப் போதாதா?

இன்னொரு பக்கமும் உண்டு. பஞ்சமி நிலத்துக்குத் தனித் தளம் வேண்டும் என்று அவ்வப்போது கோரிக்கை எழுகிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. விற்பதற்கும் கைமாறுவதற்கும் நிபந்தனை உண்டு. அதை ஒரு தனித் தளத்தில் போட்டால் ஆய்வாளர்களும் நாமும் படிப்போம். நிலத்தை வாங்கப் போகிறவரும் பதிவு செய்யும் சார்பதிவாளரும் அந்தப் பக்கம் வரவேண்டிய தேவையே இல்லை. அவர்கள் பார்ப்பது பட்டா, சிட்டா தரும் தமிழ்நிலம் சேவையை. அதில் புல எண்ணுக்கு நேரே நிபந்தனை நிலம் என்ற ஒரே ஒரு கட்டம் இருந்தால், ஆயிரம் பக்கத் தனித் தளத்தைவிட அது அதிகம் காக்கும். தகவலைத் தேடி நாம் போகவேண்டியதா, பிறர் போகும் பாதையின் குறுக்கே அது நிற்கவேண்டியதா என்பதைப் பொறுத்தே தனியா, சேர்த்தா என்பது முடிவாகவேண்டும். எங்கள் இரவு விவாதத்தில் தெளிவாகக் கிடைத்த ஒரே விதி இதுதான் எனலாம்.

பெயர்கள், பூட்டுகள், கெட்டுப்போன முகவரிகள்

தனித் தளம் கேட்பவர்கள் மறந்துவிடும் ஆபத்து ஒன்று இருக்கிறது. வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் நிவாரணம் பெற்றோர் பட்டியலை ஊர், பெயர், தந்தை பெயரோடு ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். மற்ற வழக்குகளிலும், சாட்சிகள் அதே தெருவில் வாழ்ந்துகொண்டே நீதிமன்றத்துக்கு வரவேண்டியவர்கள். பணம் வந்த செய்தி ஆதிக்கத் தெருவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தால் சமரசப் பேச்சு தொடங்கிவிடும். எனவே வழக்கு எண்ணிக்கை, விசாரணையின் நிலை, 60 நாட்களில் குற்றப்பத்திரிகை தாக்கலானதா, நிவாரணம் எத்தனை பேருக்கு எத்தனை நாளில் வழங்கப்பட்டது என்பவை எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும். ஒருவரின் வழக்கு விவரம் அவருக்கும் அவர் வழக்கறிஞருக்கும் மட்டும் திறக்கவேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 44(3) பிரிவின் மூலம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) விலக்கை விரித்திருக்கிறது. அதைக் காரணம் காட்டி எண்ணிக்கைகளையும் மறைக்க முயலும் அலுவலர்களுக்கு, எண்ணிக்கையில் எந்தத் தனிநபரும் இல்லை என்று நினைவூட்டவேண்டியிருக்கும்.

பராமரிப்பு பற்றி ஒரு நிகழ்ச்சி போதும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கட்சிக்காரர் ஒருவருக்கு ஓர் அரசு அலுவலகம் தந்த துண்டுத்தாளில் ஒரு திட்டத் தளத்தின் முகவரி இருந்தது. திறந்தால் சீட்டாட்ட விளம்பரம். திட்டம் முடிந்து, முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டு, எவரோ அதை வாங்கியிருந்தார்கள். அவர் தன் கைப்பேசிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து வெட்கப்பட்டார். அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுநெறிகள் 2009 முதல் இருக்கின்றன. 2023இல் அவற்றின் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. அரசு முகவரிக்குக் கீழேயே தளம் இருக்கவேண்டும், கடைசியாகத் திருத்திய தேதி தெரியவேண்டும், பழையன ஆவணக்காப்பில் சேரவேண்டும் என்பதெல்லாம் அவற்றில் உள்ளவை. தொடங்கி வைக்க வருகிறவர்களுக்கு நாடா வெட்டத் தெரியும். மூன்றாம் ஆண்டு முகவரிக் கட்டணம் கட்டுவது யார் என்று கேட்டால் அரங்கம் அமைதியாகிவிடும். தனித் தளம் கேட்பதற்கு முன் அதை மூடும் நாளையும் மூடிய பின் ஆவணங்கள் எங்கே போகும் என்பதையும் எழுதிக் கேட்கவேண்டும். நியூட்ரினோ போன்ற வழக்குகள் 10 ஆண்டு, 15 ஆண்டு இழுக்கின்றன. தளம் அதற்கு முன் இறந்துவிட்டால், ஒரு கட்டத்தில் அரசு என்ன சொன்னது என்பதற்கு நம்மிடம் சான்றே இராது. பக்கங்களை அச்செடுத்துத் தேதியிட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

மனு கடைசியில் மூன்று கோரிக்கைகளாக முடிந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் முதன்மைத் தளத்திலேயே, முகப்பிலிருந்து ஒரே தட்டலில் திறக்கும் தமிழ்ப் பக்கம். அதில் கண்காணிப்புக் குழு கூடும் தேதியும், முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும், நடப்பு நிவாரண அட்டவணையும். அதே தகவல் வட்டாட்சியர் அலுவலகம், காவல் நிலையம், ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் பலகையிலும் எழுதப்படவேண்டும். மூன்றாவதாக, மலைக்கு வேலைக்குச் செல்வோருக்காகத் தேனியும் இடுக்கியும் சேர்ந்து நடத்தும் ஒரு குறுந்தளம். கூலி, விபத்து இழப்பீடு, சாதிச் சான்று என்ற மூன்று பொருளுக்கு மட்டும், தமிழிலும் மலையாளத்திலும், படிக்கத் தெரியாதவர் கேட்பதற்கு ஒலிப்பதிவோடு. இதற்கு இரு மாவட்டங்களிலும் ஒவ்வோர் அலுவலர் பெயர்சொல்லிப் பொறுப்பேற்கவேண்டும் என்ற வரியைக் கணினித் துறைத் தம்பியே சேர்த்தார். தனித் தளத்தை முதலில் முன்மொழிந்தவரும் அவர்தான்.

கையெழுத்து வாங்குவதில்தான் தாமதம். மனுவில் முதலில் கையெழுத்திடவேண்டியவர்கள் விடியுமுன் மலையேறி இருட்டியபின் இறங்குகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தெருத் தெருவாகப் போய் மனுவைப் படித்துக் காட்டுவது என்று ஏற்பாடாகியுள்ளது.